முன் வீல் பேரிங் ஆட்டம்: ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்கான அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே சொல்வது என் வண்டிக்குப் பொருந்துமா?

முன் ஹப்புக்குள், அதாவது வீலைப் பூட்டும் மையப் பகுதிக்குள், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு டேப்பர் ரோலர் பேரிங் (கூம்பு வடிவ உருளைகள் கொண்டது), அவை உட்காரும் ஸ்பிண்டில் என்னும் அச்சு, வெளிமுனையில் ஒரு அட்ஜஸ்டிங் நட், அதன் மேல் லாக் வாஷர், லாக் நட். உங்கள் வண்டியில் இந்த அமைப்பு இருந்தால் பொருந்தும். லேண்ட் க்ரூசரின் 40, 60, 80 சீரிஸ்கள், திட ஆக்ஸில் கொண்ட பழைய ஹைலக்ஸ், நிஸான் பேட்ரோல் எல்லாம் இந்தக் குடும்பம்தான். நட்டைப் பூட்டும் விதம் வண்டிக்கு வண்டி மாறும், வேலை ஒன்றே.

ஜீப் ராங்ளரின் டிஜே, ஜேகே போன்ற வண்டிகளில் பேரிங்கும் ஹப்பும் சேர்ந்த மூடிய யூனிட் வரும். அதைப் பிரித்துக் கிரீஸ் வைக்கவும் முடியாது, ஆட்டத்தை நட்டால் சரிசெய்யவும் முடியாது. ஆடினால் யூனிட்டையே மாற்ற வேண்டும். ஆட்டம் பேரிங்கில்தானா என்று கண்டுபிடிக்கும் முறை மட்டும் இரண்டுக்கும் பொது.

வீலைப் பிடித்து ஆட்டினால் ஆடுகிறது. பேரிங்தான் என்று எப்படி உறுதி செய்வது?

சமதளத்தில் நிறுத்தி, பின் வீல்களுக்குக் கட்டை கொடுத்து, முன் ஆக்ஸிலைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வீலை ஆட்டக்கூடாது. டயரைக் கடிகாரத்தின் 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து, மேலே தள்ளிக் கீழே இழுத்து மாறி மாறி ஆட்டுங்கள். பேரிங் லூஸ் என்றால் 'டக் டக்' என்று கையில் தட்டும்.

இத்தோடு முடிவுக்கு வந்துவிடக்கூடாது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது வீல் திரும்பும் மூட்டான கிங்பின் பேரிங்கோ பால் ஜாயின்டோ தேய்ந்திருந்தாலும் இதே ஆட்டம் வரும். ஆகவே உள்ளே ஒருவரை உட்கார வைத்து பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் டிஸ்க்கை காலிப்பர் கவ்விக்கொள்ளும். காலிப்பர், அந்த மூட்டில் திரும்பும் பாகமான நக்கிளில் பூட்டியிருப்பதால் ஹப்பும் நக்கிளும் ஒன்றாகிவிடும். அப்போது ஆட்டம் நின்றுபோனால் குற்றவாளி வீல் பேரிங். பிரேக் பிடித்தும் ஆடினால் மேலும் கீழும் உள்ள கிங்பின் பேரிங், பால் ஜாயின்ட் பக்கம் பாருங்கள். பாதி குறைந்து பாதி மிச்சம் இருந்தால் இரண்டுமே தேய்ந்திருக்கிறது. வயதான வண்டிகளில் இது சகஜம்.

அப்புறம் 3, 9 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். இங்கே மட்டும் ஆடி 12, 6-ல் ஆடாவிட்டால் ஸ்டியரிங் இணைப்பில் உள்ள டை ராட் எண்ட் அல்லது ஸ்டியரிங் பாக்ஸ். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் புதுப் பேரிங் வாங்கிப் போட்டு, பிறகும் ஸ்டியரிங் உதறுகிறதே என்று தலையைச் சொறிபவர்கள் நிறைய.

ஆட்டம் தவிர வேறு அறிகுறி உண்டா?

உண்டு. பிரேக் பெடல் முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டாம் மிதியில் சரியாக நிற்பது அவற்றில் ஒன்று. ஹப் ஆடும்போது டிஸ்க்கும் கூடவே சாய்ந்து பிரேக் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அடுத்த முறை பிரேக் பிடிக்கும்போது அந்த இடைவெளியை நிரப்பத்தான் முதல் மிதி செலவாகிறது. மாஸ்டர் சிலிண்டர் மீது சந்தேகப்படும் முன் வீலைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பது நல்லது.

வேகத்தோடு கூடும் உறுமல் சத்தம் இன்னொன்று. வலதுபுறம் வளையும்போது பாரம் இடது வீலுக்குப் போகும். அப்போது உறுமல் கூடினால் இடது பேரிங், இடதுபுறம் வளையும்போது கூடினால் வலது. ஆனால் மண்பாதை டயர்களும் நன்றாக உறுமும். முன் டயர்களைப் பின்னால் மாற்றிப் போட்டும் சத்தம் முன்னாலிருந்தே வந்தால்தான் பேரிங் மீது பழி போடலாம். ஒன்றைக் கவனியுங்கள்: வெறும் லூஸ் பேரிங் பெரும்பாலும் சத்தமே போடாது. சத்தம் வந்துவிட்டால் ரோலரோ ரேஸோ (ரோலர்கள் உருளும் வெளிவளையம்) ஏற்கனவே பாழாகியிருக்கிறது.

குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் உதறுவது, டயரில் அங்கங்கே குழி குழியாகத் தேய்வது, ஏபிஎஸ் விளக்கு காரணமில்லாமல் வந்து போவது இவையும் சில வண்டிகளில் இதே இடத்தில்தான் வந்து நிற்கும்.

கேப்பைக் கழற்றி நட்டைக் கொஞ்சம் இறுக்கினால் ஆட்டம் நின்றுவிடுகிறதே. அது போதாதா?

அண்மையில்தான் பேரிங் புதிதாகப் போட்டு, ரேஸ் உட்கார்ந்துகொண்டதால் வந்த சிறு ஆட்டம் என்றால் போதும். மற்றபடி போதாது.

நட் தானாகக் கழன்று போவது அரிது. லாக் வாஷர் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்படியானால் ஆட்டம் எங்கிருந்து வந்தது? உள்ளே ஏதோ ஒன்று தேய்ந்து சிறுத்திருக்கிறது, அல்லது இருக்க வேண்டிய இடத்தைவிட்டு நகர்ந்திருக்கிறது. ரோலரின் மேற்பரப்பு உரிந்திருக்கலாம், கிரீஸில் தண்ணீர் கலந்து ரேஸில் துருப்புள்ளி விழுந்திருக்கலாம், ரேஸ் ஹப்புக்குள் சுற்றியிருக்கலாம், உள்வளையம் ஸ்பிண்டிலை அரித்திருக்கலாம். நட்டை இறுக்கினால் இடைவெளி மறையும். அந்தக் கோளாறு அப்படியே இருந்துகொண்டு, இப்போது கூடுதல் அழுத்தத்தில் இன்னும் வேகமாகத் தேயும். ஒருமுறை இறுக்கி மறுபடி லூஸான பேரிங்கை மூன்றாம் முறை நட்டால் சரிசெய்ய நினைக்க வேண்டாம். பிரித்துப் பார்க்க வேண்டிய நேரம் அது.

சாதாரணச் சாலையில் ஓடும் வண்டியைவிட இவற்றுக்கு ஏன் சீக்கிரம் லூஸாகிறது?

முதல் எதிரி தண்ணீர். ஓடிய ஓட்டத்தில் ஹப் சூடாகி இருக்கும். உள்ளே உள்ள காற்றும் சூடேறி விரிந்திருக்கும். அந்த நிலையில் ஓடைக்குள் இறங்கினால் ஹப் சட்டென்று குளிர்ந்து, உள்காற்று சுருங்கி, ஹப்பின் உட்பக்கத்தை அடைக்கும் சீலின் உதட்டு வழியே தண்ணீரை உள்ளே இழுக்கும். சீல் புதிதாக இருந்தாலும் கொஞ்சம் போகும், பழையது என்றால் கேட்கவே வேண்டாம். தண்ணீர் கலந்த கிரீஸ் வெளிறிப்போய் மோர் போலாகிவிடும். அதற்குமேல் அது ரோலருக்கும் ரேஸுக்கும் நடுவே படலமாக நிற்காது. நிறுத்தி வைத்த நாட்களில் ரோலர் ரேஸைத் தொடும் கோடுகளில் துரு பிடிக்கும். ஓடைக்கரையில் சில நிமிடம் நின்று ஆறவிட்டு இறங்குவது வெறும் பொறுமைக்காக அல்ல.

இரண்டாவது, பெரிய டயரும் வெளியே தள்ளி நிற்கும் ரிம்மும். டேப்பர் ரோலர் பேரிங் மேலிருந்து வரும் பாரம், பக்கவாட்டில் வரும் தள்ளல் இரண்டையும் தாங்கும். 1898-ல் ஹென்றி டிம்கன் காப்புரிமை பெற்ற நாளிலிருந்து அது வண்டி வீல்களில் நிலைத்திருப்பதற்குக் காரணமே அதுதான். ஆனால் தொழிற்சாலையில் வந்த ரிம்மில் டயரின் மையக்கோடு இரண்டு பேரிங்குகளுக்கும் இடையில் விழும்படி கணக்குப் போட்டிருப்பார்கள். ரிம் வெளியே தள்ளியிருந்தால் அந்தக் கோடு வெளிப் பேரிங்கைத் தாண்டிப் போய்விடும். இரண்டு பேரிங்கில் சிறியது வெளிப் பேரிங். அதன் தலையில் நெம்புகோல் விசையாகப் பாரம் விழும். டயரின் விட்டம் கூடக் கூட, பாறையில் பக்கவாட்டில் மோதும்போது அந்த விசையும் கூடும்.

மூன்றாவது, முன்பு வேலை பார்த்தவர் விட்டுவைத்தவை: முழுதாக உட்காராத ரேஸ், மடக்கி நிமிர்த்தி மறுபடி மடக்கிய லாக் வாஷர், உளியும் சுத்தியும் வைத்துத் தட்டிய நட். பழைய வண்டி வாங்கியவர்கள் ஹப்பைத் திறந்ததும் நட்டின் விளிம்பில் உளித் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதற்குப் பின்னால் உள்ள எதையும் நம்பாமல் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

லூஸாக இருப்பது தெரிந்தும் ஓட்டினால்?

ரோலர்கள் ரேஸின் முழு அகலத்திலும் உட்காராமல் ஓரத்தில் குத்தி நிற்கும். அங்கே உலோகம் செதில் செதிலாக உரியும், அந்தத் துகள் கிரீஸில் கலந்து மற்றப் பேரிங்கையும் அரைக்கும். சீலின் உதடு ஒருபக்கம் தேய்ந்து கிரீஸ் வெளியே கசியும், தண்ணீர் உள்ளே வரும், கசிந்த கிரீஸ் பிரேக் டிஸ்க்கில் படும். கடைசியில் வெளிப் பேரிங் சிதறி ஹப் ஸ்பிண்டிலில் நேரடியாக உரசும். அந்தக் கட்டத்தில் பேரிங் செலவு சின்னது. ஸ்பிண்டிலும் ஹப்புமே பெரியது. வீலே கழன்று ஓடிய சம்பவங்களும் உண்டு.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

வழக்கமான சாக்கெட், ஸ்பானர் தவிர, ஹப் நட்டுக்கான பெரிய சாக்கெட். மேலே சொன்ன டொயோட்டாக்களுக்கு 54 மி.மீ. சாக்கெட் பொருந்தும், நிஸானில் ஓட்டையில் முளை பொருந்தும் தனிக் கருவி. டார்க் ரெஞ்ச் இரண்டு இருந்தால் நல்லது, ஏனென்றால் பெரிய ரெஞ்சில் 5 நியூட்டன் மீட்டரை அளக்க முடியாது. கொக்கி உள்ள ஸ்ப்ரிங் தராசு, பித்தளைப் பன்ச், வளையம் விரிக்கும் பிளையர், கழுவ மண்ணெண்ணெய், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. சாமான்களில் புதுச் சீல், புது லாக் வாஷர், ஹப் கேஸ்கெட் இவற்றை வாங்கி வைக்காமல் போல்ட்டில் கை வைக்க வேண்டாம்.

கழற்றும்போது எங்கே தவறு நடக்கும்?

காலிப்பரைக் கழற்றி பிரேக் ஹோஸில் தொங்கவிடுவது முதல் தவறு. கம்பியால் ஸ்ப்ரிங்கிலோ சேஸிலோ கட்டித் தொங்கவிடுங்கள்.

டொயோட்டா ஹப்பில் ஸ்டட்டுகளைச் சுற்றிக் கூம்பு வாஷர்கள் இறுகி உட்கார்ந்திருக்கும். நட்டைக் கழற்றிய பின் ஸ்டட்டின் தலையிலும் ஃபிளாஞ்சின் பக்கத்திலும் பித்தளைப் பன்ச் வைத்துத் தட்டினால் துள்ளி வரும். ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பினால் ஃபிளாஞ்ச் முகம் வடுப்பட்டு அங்கே கசியும். நட்டை ஸ்டட்டின் நுனியில் நாலைந்து புரி மட்டும் மாட்டி வைத்துத் தட்டினால் மரை நசுங்காது.

லாக் நட், லாக் வாஷர், அட்ஜஸ்டிங் நட், அதற்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள திரஸ்ட் வாஷர் கழன்றதும் ஹப்பை வெளியே இழுக்கும்போது வெளிப் பேரிங் முதலில் வந்து விழும். கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு இழுங்கள். மணல் தரையில் விழுந்த பேரிங்கைக் கழுவி முடிக்கப் பாதி நாள் போகும். பாகங்களைக் கழன்ற வரிசையில் ஒரு துணியில் அடுக்கி, இடது வலது கலக்காமல் வையுங்கள். ஓடிப் பழகிய பேரிங்கும் அதன் ரேஸும் ஜோடி. மாற்றி மாட்டக்கூடாது.

திறந்ததும் கிரீஸைத் துடைத்தெறியும் முன் அதைப் பாருங்கள். வெளிறியிருந்தால் தண்ணீர். பளபளவென மினுக்கும் துகள் இருந்தால் உலோகம் உரிகிறது. கறுத்துத் தண்ணீராக ஓடினால் ஆக்ஸிலின் உள்சீல் போய், டிஃபரன்ஷியல் ஆயில் நக்கிளுக்குள் இறங்கி, அங்கிருந்து ஸ்பிண்டில் வழியாக ஹப்புக்கு வந்திருக்கிறது. அந்த உள்சீலை மாற்றாமல் பேரிங்குக்கு மட்டும் கிரீஸ் வைப்பது வீண் வேலை. சில வாரத்தில் புதுக் கிரீஸும் கரைந்துவிடும்.

பழைய பேரிங்கையே கழுவி மாட்டலாமா?

நன்றாக இருந்தால் தாராளமாக. மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு ரோலராகத் திருப்பிப் பாருங்கள். காற்றடித்துக் காயவைக்கலாம், ஆனால் காற்றின் வேகத்தில் பேரிங்கைச் சுழல விடக்கூடாது. கிரீஸ் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றினால் பரப்பு கீறும், ரோலர்களைப் பிடித்து வைக்கும் கேஜ் உடைந்து அவை தெறிக்கவும் கூடும்.

ரோலரிலோ ரேஸிலோ நகத்தில் தட்டுப்படும் குழி, உரிந்த செதில், ரோலர் இடைவெளியிலேயே சம தூரத்தில் விழுந்த கோட்டுப் பள்ளம், கழுவியும் போகாத துருப்புள்ளி, நீலம் பாய்ந்த நிறம், நெளிந்த கேஜ், இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மாற்றுங்கள். நீலம் என்றால் எஃகு பதம் இழக்கும் அளவு சூடாகியிருக்கிறது என்று பொருள். லேசான சாம்பல் மங்கல் மட்டும் இருந்து விரலுக்கு வழவழப்பாக இருந்தால் இன்னும் ஓடும்.

ஸ்பிண்டிலையும் பாருங்கள். பாரம் விழுவது அதன் அடிப்பக்கத்தில். தேய்மானமும் அங்கேதான் தெரியும். உள்வளையம் ஸ்பிண்டிலில் கையால் நழுவி ஏற வேண்டும், ஆனால் குலுங்கக்கூடாது. நகத்தில் படிக்கட்டுப் போலத் தட்டினால் ஸ்பிண்டில் மாற்ற வேண்டியதுதான். பேரிங்கை எத்தனை முறை மாற்றினாலும் ஆட்டம் திரும்பி வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் கோளாறு இங்கேதான் இருக்கும் என்பது என் கணிப்பு.

புதுப் பேரிங்குக்குப் பழைய ரேஸ் போதுமா?

போதாது. பேரிங் மாற்றினால் ரேஸும் மாற வேண்டும். ஹப்பின் உட்புறத்தில் ரேஸுக்குப் பின்னால் எதிரெதிராக இரண்டு வெட்டு இருக்கும். அந்த வழியே பன்ச் வைத்து, ஒரு பக்கம் ஒரு தட்டு, மறுபக்கம் ஒரு தட்டு என்று கோணாமல் வெளியேற்றுங்கள். கோணினால் ஹப்பின் துளை கீறிவிடும். பதம் பிடித்த எஃகில் எஃகுச் சுத்தியால் அடித்தால் சில்லு தெறிக்கும், கண்ணாடி கட்டாயம்.

புது ரேஸைச் சில மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் சற்றுச் சுருங்கி எளிதாக இறங்கும். பழைய ரேஸின் வெளிவிட்டத்தைக் கொஞ்சம் தேய்த்துச் சிறிதாக்கிவிட்டால், புதியதை அடித்து இறக்க அதுவே கருவி. முழுதாக உட்காரும்வரை தட்டும் ஓசை மந்தமாக இருக்கும். அடியில் போய் நின்றதும் கணீரென்று மாறும். ஓசையை மட்டும் நம்பாமல் வெட்டுகளின் வழியே டார்ச் அடித்து, ரேஸுக்கும் அது முட்டி நிற்கும் ஹப்பின் தோள்பட்டைக்கும் நடுவே இடைவெளி இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அரை மில்லிமீட்டர் தூக்கி நின்ற ரேஸ் முதல் கரடுமுரடுப் பயணத்திலேயே இறங்கி உட்கார்ந்துகொள்ளும்; நீங்கள் அளந்து வைத்த இறுக்கம் முழுக்க அதோடு போய்விடும்.

ரேஸ் அடிக்கத் தேவையே இல்லாமல் கையாலேயே இறங்கினால் ஹப் துளை தேய்ந்துவிட்டது. பசை போட்டு ஒட்டும் வழியும் உண்டு. பாறையில் ஏறி இறங்கும் வண்டிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

எந்தக் கிரீஸ்?

டிஸ்க் பிரேக் வீல் பேரிங்குக்கு என்று குறிப்பிட்ட, என்எல்ஜிஐ அளவுகோலில் 2 என்ற கெட்டித்தன்மை உள்ள லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸ். சாதாரண லித்தியம் கிரீஸ் 180 முதல் 200 டிகிரி செல்சியஸுக்குள் உருகிச் சொட்டும். காம்ப்ளெக்ஸ் வகை 250 டிகிரியைத் தாண்டும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடு ஹப்புக்கு ஏறும் வண்டிக்கு அந்த வித்தியாசம் முக்கியம். அடிக்கடி தண்ணீரில் இறங்குபவர்கள் கால்சியம் சல்ஃபோனேட் வகையைப் பார்க்கலாம், தண்ணீரை நன்றாகத் தாங்கும்.

பழைய கிரீஸின் மேல் வேறு வகையைப் பூசாதீர்கள். சில கெட்டியூட்டிகள் ஒன்றோடொன்று சேராமல் இளகி ஓடிவிடும். நிறம் ஒன்றாக இருப்பதால் வகையும் ஒன்றாகிவிடாது.

எவ்வளவு, எப்படி வைப்பது?

உள்ளங்கையில் ஒரு உருண்டைக் கிரீஸை எடுத்து, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதன் ஓரத்தில் அழுத்தி அழுத்தி இழுங்கள். கேஜுக்கும் உள்வளையத்துக்கும் நடுவே நுழைந்த கிரீஸ் மறுபக்கம் புழுப்புழுவாக வெளியே வரும்வரை அதே இடத்தில் அழுத்திவிட்டு, அடுத்த ரோலருக்கு நகருங்கள். ஒரு முழுச் சுற்று வந்த பின் ரோலர்களுக்கு வெளியேயும் தடவுங்கள். மேலாகப் பூசிவிட்டு நட் போட்டால் பார்வைக்கு நிறைவாக இருக்கும், உள்ளே காய்ந்து கிடக்கும்.

ஹப்பின் உள்சுவரில் இரண்டு ரேஸுக்கும் நடுவே, ரேஸின் உயரத்துக்குக் கிரீஸ் அணை கட்டுவது போல வையுங்கள். சூட்டில் இளகும் கிரீஸ் பேரிங்கைவிட்டு விலகாமல் அது தடுக்கும். ஹப்பை முழுக்க நிரப்பினால் கடையப்பட்டுச் சூடேறும், சீலைத் தள்ளும். சீலின் உதட்டிலும் கொஞ்சம் தடவுங்கள். காய்ந்த உதடு முதல் கிலோமீட்டரிலேயே எரிந்துவிடும்.

ஸ்பிண்டிலின் உட்புறத்தில் உள்ள புஷ் அல்லது நீடில் பேரிங்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஹப்பில் வைத்த கிரீஸ் அங்கே போகாது, தனியாக வைக்க வேண்டும்.

நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்?

எல்லா வண்டிக்கும் ஒரே எண் கிடையாது. உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகமே கடைசி வார்த்தை. முறையைப் புரிந்துகொள்ள 80 சீரிஸ் லேண்ட் க்ரூசரை எடுத்துக்கொள்வோம்.

முதலில் அட்ஜஸ்டிங் நட்டை 59 நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும். ஓட்டுவதற்கான இறுக்கம் இதுவல்ல. ரோலர்களை ரேஸில் சரியாக உட்கார வைத்து, நடுவில் மாட்டிய கிரீஸைப் பிதுக்கி வெளியேற்ற மட்டும். ஹப்பை இருபுறமும் சில சுற்றுகள் சுற்றிவிட்டு மறுபடி 59. பிறகு நட்டைக் கையால் திருப்பும் அளவு தளர்த்தி, 5.4 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, ஆட்டம் இல்லை என்று பார்க்க வேண்டும். எண்கள் இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். முதலாவதோடு நிறுத்திக்கொண்டவர்களின் பேரிங்தான் நீலம் பாய்கிறது.

அடுத்து ஸ்ப்ரிங் தராசின் கொக்கியை ஒரு வீல் ஸ்டட்டில் மாட்டி, ஹப்பின் சுற்றுத்திசையில் நேராக இழுங்கள். ஹப் நகரத் தொடங்கும்போது 28 முதல் 56 நியூட்டனுக்குள், அதாவது தராசில் ஏறத்தாழ 3 முதல் 5.7 கிலோவுக்குள் காட்ட வேண்டும். இதுதான் பிரீலோட், அதாவது பேரிங்கில் முன்கூட்டியே வைக்கும் இறுக்கம். பிரேக் பேடுகள் உரசிக்கொண்டிருந்தால் அளவு பொய்யாகும், காலிப்பர் கழன்றே இருக்கட்டும். புதுச் சீலும் கொஞ்சம் பிடிக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

அப்புறம் லாக் வாஷர், 64 நியூட்டன் மீட்டரில் லாக் நட். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். லாக் நட் இறுகும்போது, மரைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளி அளவு அட்ஜஸ்டிங் நட்டை உள்ளே தள்ளும். ஆகவே லாக் நட் போடுவதற்கு முன் பார்த்த பிரீலோடும் பின் பார்ப்பதும் ஒன்றாக இருக்காது. கணக்கில் வருவது பின்னால் காட்டும் அளவுதான். கூடியிருந்தால் எல்லாவற்றையும் தளர்த்தி, அட்ஜஸ்டிங் நட்டைச் சற்றுக் குறைவாக வைத்து மறுபடி போடுங்கள். முதல் முறையே சரியாக அமைந்தால் சந்தோஷப்படுங்கள், அமையாவிட்டால் அதுவும் வழக்கம்தான்.

பெரிய டயர் போட்டவர்கள் இந்த வீச்சின் மேல் எல்லைக்கு அருகே வைப்பது நல்லது. சிலர் அதையும் தாண்டி வைக்கிறார்கள்; வைத்தால் சூட்டை அடிக்கடி சோதிக்கும் பொறுப்பும் சேர்ந்தே வரும்.

ஸ்ப்ரிங் தராசு இல்லாமல் கையால் பார்த்துச் செய்யக்கூடாதா?

ஆயிரம் ஹப் பார்த்த கைக்குப் பிரச்சினை இல்லை. மற்றவர்களுக்குக் கை ஏமாற்றும், குறிப்பாகப் புதுச் சீலின் பிடியைப் பேரிங்கின் இறுக்கம் என்று நினைத்துவிடும். மீன் எடை பார்க்கும் சாதாரணத் தராசே போதும்.

லாக் வாஷரைத் திரும்பப் பயன்படுத்தலாமா?

மடக்கும் நாக்கு உள்ளது என்றால், இதுவரை மடக்காத நாக்கு இருந்தால் ஒருமுறை பயன்படுத்தலாம். மடக்கிய நாக்கை நிமிர்த்தி மறுபடி மடக்கினால் அடியில் விரிசல் விடும், உடைந்த துண்டு பேரிங்குக்குள் போகும். ஒரு நாக்கை உள்நட்டின் பக்கமும் இன்னொன்றை வெளிநட்டின் பக்கமும் மடக்க வேண்டும். இரண்டையும் ஒரே நட்டில் மடக்கினால் பூட்டு இல்லை.

திரஸ்ட் வாஷரின் உள்முளை ஸ்பிண்டிலின் பள்ளத்தில் உட்கார வேண்டும். அந்த முளை தேய்ந்திருந்தால் வாஷர் பேரிங்கோடு சேர்ந்து சுற்றி நட்டையும் திருப்பப் பார்க்கும்.

மாட்டிய பிறகு ஹப் சூடாகிறது. இறுக்கம் அதிகமா?

பிரேக் அதிகம் பிடிக்காமல் பத்து, பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, இரண்டு ஹப்புகளின் நடுவையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு. கை வைத்து நிற்க முடியாத சூடு, அல்லது ஒன்று மற்றதைவிடத் தெளிவாகச் சூடாக இருப்பது கோளாறு. ஆனால் காலிப்பர் பிடித்துக்கொண்டிருந்தாலும் சூடு வரும். டிஸ்க் அதிகச் சூடும் ஹப் மையம் குறைவாகவும் இருந்தால் பிரேக். மையமே கொதித்தால் பேரிங். பேரிங் என்றால் "ஓடி ஓடிச் சரியாகிவிடும்" என்று விடாதீர்கள். வெப்பத்தில் உள்வளையமும் ரோலரும் விரிந்து இன்னும் இறுகும், இன்னும் சூடேறும்.

எல்லாம் சரியாகச் செய்தும் மறுபடி லூஸாகிறதே?

புது ரேஸ் போட்டிருந்தால் முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பின் ஒருமுறை சரிபார்ப்பது வேலையின் ஒரு பகுதி. அதற்குப் பின்னும் லூஸானால், முதலில் ஸ்பிண்டிலின் தேய்மானம், அடுத்து ரேஸ் ஹப்பில் சுற்றிய தடம், அடுத்து ஸ்பிண்டில் மரையின் நிலை. கடைசியாக ரிம்மின் ஆஃப்செட், அதாவது ரிம் எவ்வளவு வெளியே தள்ளி நிற்கிறது என்பது. இந்த நான்கில் ஒன்று நிச்சயம் அகப்படும்.

ஒரு பக்கம் மட்டும் செய்தால்?

பேரிங் மாற்றுவது ஒரு பக்கம் மட்டும் இருக்கலாம். திறந்து கிரீஸைப் பார்ப்பது இரு பக்கமும் இருக்கட்டும். இரண்டும் ஒரே தண்ணீரில்தான் இறங்கின.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை?

சாலை ஓட்டத்துக்கு 40,000 கிலோமீட்டர் என்பது நல்ல கணக்கு. ஹப் மூழ்கும் ஆழத்தில் தண்ணீரிலோ சேற்றிலோ நின்றுவிட்டால் கிலோமீட்டரைப் பார்க்காமல் அந்தப் பயணம் முடிந்ததும் ஒரு பக்கத்தையாவது திறந்து பாருங்கள். வீலைத் தூக்கி 12, 6-ல் ஆட்டுவது மட்டும் ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும்.

நடுக்காட்டில் லூஸானால் வீடு வரை எப்படி வருவது?

பெரிய சாக்கெட், ஒரு லாக் வாஷர், ஒரு சிறு டப்பா கிரீஸ், கேஸ்கெட் காகிதம், முடிந்தால் பழையதில் நல்லதாக ஒரு வெளிப் பேரிங். இவற்றை வண்டியில் வைத்திருந்தால் வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஹப் முகத்தைக் கழற்றி, வெளிப் பேரிங்கை மட்டும் உருவிப் பாருங்கள். ரோலர்கள் முழுதாக இருந்தால் கிரீஸ் அடைத்து மாட்டி, நட்டை நன்றாக இறுக்கி ஹப்பைச் சுற்றி, பிறகு முழுதாகத் தளர்த்தி, ஆட்டம் மறையும் இடத்துக்குச் சற்று மேல் மட்டும் இறுக்கிப் பூட்டுங்கள். சாக்கெட் இல்லாதவர் பன்ச்சால் தட்ட வேண்டியிருக்கும். நட் போனாலும் பரவாயில்லை, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். சில கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கி ஹப்பைத் தொட்டுப் பாருங்கள்.

ரோலர்கள் சிதறியிருந்து மாற்றுப் பேரிங்கும் இல்லையென்றால் அந்த வீலில் ஓட்ட வேண்டாம். கயிறு கட்டி இழுத்தாலும் அதே வீல்தான் உருளும். முன்பக்கத்தைத் தூக்கி ஏற்றிக்கொண்டு போகும் வண்டி வரும்வரை காத்திருங்கள், அல்லது யாரையாவது அனுப்பிப் பேரிங் வாங்கி வரச் சொல்லுங்கள். அனுப்பும்போது பேரிங்கின் உள்வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணைத் துடைத்துப் படம் எடுத்துக் கொடுங்கள். வண்டி மாடலைச் சொல்லி வாங்குவதைவிட அது தவறாது.